வியாழன் போட்ட லினக்ஸ், வெள்ளி வந்த மாப்பிள்ளை

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி.

எங்கள் வீட்டு முன்னறையில் கொம்பியூட்டர் பக்கவாட்டில் திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் முழந்தாளிட்டபடி என் நண்பன் நவாஸ். கதிரையில், கிரானில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த புவனா அக்கா — மாப்பிள்ளையின் தமக்கை. கதவோரம் என் மனைவி மல்லிகா. அவள் கொம்பியூட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப் பார்த்தாள் என்று விவரிக்கத் தேவையா? உங்களில் பாதிப் பேருக்காவது அந்தப் பார்வை பழக்கமாக இருக்கும்.

கட்டாரில் ஒரு மனிதர் கமெராவுக்கு முன்னால் சேர்ட் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். எங்கள் திரையிலோ கறுப்பின் நடுவே ஒரேயொரு வரி. 'எரர்' என்ற சொல்லும் இருபத்திரண்டு என்ற எண்ணும்.

அந்த வரியை அங்கே வரவழைத்தவன் நான்தான். எப்படி என்று முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்... எனக்கும் விளங்கும்.

எங்கள் கொம்பியூட்டர் பிறப்பில் எங்களுடையது அல்ல. சுனாமிக்குப் பிறகு நம் ஊர்களில் அலுவலகம் போட்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம், வேலை முடிந்து மூட்டை கட்டியபோது மேசை, கதிரை, மின்விசிறி எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டது. அதில் வாங்கியது. பகலில் என் அலுவலக வேலை, பின்னேரம் பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தி, ஞாயிறு என்றால் மல்லிகாவின் பாடசாலை வினாத்தாள்... பாவம், அதற்கு ஓய்வே இல்லை.

ஓய்வில்லாததுகூடப் பரவாயில்லை. வைரஸ்தான் பெரிய தொல்லை. அலுவலகத்தில் பென் டிரைவைச் செருகி வீட்டுக்குக் கொண்டு வந்தால், கோப்போடு சேர்ந்து அதுவும் வரும். ஒரு நாள் மல்லிகாவின் எட்டாம் ஆண்டு வினாத்தாள் முழுவதும் காணாமற் போய், அந்த இடத்தில் அதே பெயரில் வேறேதோ குந்தியிருந்தது. மாதம் ஒருமுறை காத்தான்குடிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். நவாஸ் அங்கே கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறான். எனக்கும் அவனுக்கும் இருபது வருடப் பழக்கம். யுத்தத்தால் போக முடியாத வருடங்களும் அதில் உண்டு. அப்போதும் தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

போன மாதம் அவனுக்கு அலுத்துவிட்டது. ஒரு சீடியை என் கையில் வைத்தான்.

"மச்சான், இதுக்கு லினக்ஸ் எண்டு பேர். விண்டோஸ் மாதிரித்தான், ஆனா வேற சாமான். உன்ட பென் டிரைவ்ல வாற வைரஸ் ஒண்டும் இதில ஒட்டாது. முதல்ல உள்ள ஏத்தாம, சீடியில இருந்தே ஓடவிட்டுப் பாரு. புடிச்சா மட்டும் ஏத்து. ஏத்துறதுக்கு முந்தி எனக்கு ஒரு கோல் எடு."

இதில் கடைசி வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள். நான் வைத்திருக்கவில்லை.

இனி ரஜனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரஜனி மல்லிகாவின் தங்கை. மண்டூர்ப் பக்கத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல மாதுவாக வேலை. ஊர் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடும். காலையில் எங்கள் தேற்றாத்தீவில் இருந்து ஸ்கூட்டியில் குருமண்வெளித் துறைக்குப் போய், மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையில் அக்கரைக்குப் போவாள். அந்த மிதவைக்கு இங்கே 'பாதை' என்று பேர். அக்கரையில் சண்டை நடந்த நாட்களிலும், சனம் இடம்பெயர்ந்து கிடந்த நாட்களிலும் அவள் போய் வந்தாள். "புள்ளப்பெறு நாள் பாத்தா வருது, சண்டை முடியட்டும் எண்டு காத்திருக்க?" என்பாள்.

அவளுக்கு ஒரு கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சுனாமி வந்த மார்கழிக்கு அடுத்த தையில். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பதுதானே வழக்கம். கடற்கரைப் பக்கம் அவளுக்கென்று என் மாமி, அவளுடைய அம்மா, கட்டுவித்த வீடு, கூரை போட்டு முடிந்திருந்தது. அந்த வீட்டையும் மாமியையும் ஒரே காலையில் கடல் கொண்டு போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து அழுதார்கள். இரண்டு நாள் சாப்பாடு கொண்டு வந்து தந்தார்கள். பிறகு வரவில்லை. அவர்களைக் கோபித்து என்ன? அந்த நாட்களில் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கைவிட்டுத்தான் உயிரோடு இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ரஜனி கலியாணப் பேச்சை எடுக்க விடவில்லை. இந்த வருடம் சண்டை முடிந்தது. முடிந்து இரண்டு மாதம் போக, கிரானில் இருந்து ஒரு பேச்சு வந்தது. தவராசா என்று பேர், கட்டாரில் எலெக்ட்ரீசியன், தமக்கை வயல் செய்கிறார், நல்ல மனிதர்கள். வீடு, நகை ஒன்றும் கேட்கவில்லை. சாதகம்கூடக் கேட்கவில்லை. ரஜனியின் சாதகம் வீட்டோடு போய்விட்டதே. படமும் தொலைபேசி நம்பரும் மட்டும் மாறிக்கொண்டோம். படத்தில் தவராசா வடிவாகத்தான் இருந்தார் — அடர்ந்த முடி, நேர்வகிடு.

ரஜனி படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"படத்தைப் பாத்து ஓம் எண்டு சொல்ல ஒண்ணாதக்கா. ஒரு நாளைக்குப் பத்து வீட்டுப் படி ஏறுறவள் நான். முகத்தைப் பாத்து நாலு வார்த்தை கதைச்சாத்தான் ஆள் என்ன மாதிரியெண்டு எனக்குத் தெரியும்."

அவர் லீவில் வர இன்னும் ஆறேழு மாதமாகும். ஆகவே இன்டர்நெட்டில் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. எங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணி. புவனா அக்காவும் எங்கள் வீட்டுக்கே வந்து பக்கத்தில் இருப்பார். இன்டர்நெட்டுக்கு ஒரு டொங்கிள் வாங்கினோம். ஒரு வெப்கேம் வாங்கினோம். இரண்டும் விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்தன. திரும்பவும் சொல்கிறேன் — ஒழுங்காக வேலை செய்தன.

அதற்கு முதல் நாள் வியாழன், பௌர்ணமிப் போயா விடுமுறை. வீட்டில் நான் மட்டும். மல்லிகா சந்தைக்குப் போயிருந்தாள். ஒரு மனிதன் விடுமுறை நாளில் சும்மா இருக்கலாம்தானே? பத்திரிகை வாசிக்கலாம், படுக்கலாம். நானோ நாளைக்கு இவ்வளவு முக்கியமான விஷயம் இருக்கிறது, நடுவில் வைரஸ் வந்து கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். பொறுப்புணர்ச்சி. சீடியை எடுத்துப் போட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது அவ்வளவு இலகுவாக ஏறியது. எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டது. பேரைக் கேட்டது. பழைய விண்டோஸை அழிக்கவா, பக்கத்தில் இடம் பிடிக்கவா என்று மரியாதையாகக் கேட்டது. பக்கத்தில் என்றேன். நெல்வயல் வெளியை நாங்கள் வட்டை என்போம். அந்த வட்டைக்குள் ஒரு துண்டைப் பிரித்து வரம்பு கட்டுவது மாதிரி, டிஸ்க்கில் தனக்கென்று ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டது. அரை மணித்தியாலத்தில் மண்ணிறத் திரையோடு வந்து நின்றது. மேளச் சத்தம் மாதிரி ஒரு வரவேற்பு வேறு.

மல்லிகா சந்தையால் வந்து மரக்கறிப் பையோடு அப்படியே நின்றாள்.

"இது ஆரு வீட்டுக் கொம்பியூட்டர்?"

"நம்மட வீட்டுதான். இனி வைரஸே வராது."

"அப்ப என்ட வினாத்தாள்?"

"எல்லாம் இருக்கு. பாரு." என்று பெருமையோடு என் பழைய பத்தி ஒன்றைத் திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கில எழுத்து. கீபோர்டில் கோழி மேய்ந்தது மாதிரி. நாங்கள் எல்லோரும் தமிழ் தட்டுவது பழைய வகை எழுத்துருவில் அல்லவா? உள்ளே ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உடுப்பு. லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லாததால் உடுப்புக் கழன்றுவிட்டது. மல்லிகா இரண்டு வரியைக் கவனமாக வாசித்துப் பார்த்தாள்.

"வழக்கத்தை விடக் கொஞ்சம் விளங்குது," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

பின்னேரம் ரஜனி வந்தாள். நாளைக்குக் கதைக்கப் போகிற இடத்தில் வெளிச்சம் காணுமா என்று பார்க்க வெப்கேமைப் போடச் சொன்னாள். போட்டேன். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. டொங்கிளைச் செருகினேன். அதையும் கண்டுகொள்ளவில்லை. லினக்ஸில் குற்றமில்லை, அந்த இரண்டு பேரையும் அதற்கு முறையாக அறிமுகம் செய்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு என்ன செய்யிற?" ரஜனி கேட்டாள். கோபம் இல்லை. அவள் கோபித்தால் சத்தம் வராது, வார்த்தைதான் குறையும்.

"பயப்பிடாத. விண்டோஸும் அப்படியே கிடக்கு. திறக்கக்குள்ள எது வேணும் எண்டு கேக்கும்."

திறந்து காட்டினேன். விண்டோஸ் வந்தது. டொங்கிள் வந்தது. கமெராவில் ரஜனியின் முகமும் வந்தது. இந்த இடத்தில் நான் எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

நான் எழும்பவில்லை. நாளைக்குப் புவனா அக்காவுக்கு முன்னால் இது 'எது வேணும்' என்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்று பட்டது. லினக்ஸைக் கழற்றிவிடுவோம். போட்டவனுக்குக் கழற்றத் தெரியாதா? விண்டோஸுக்குள் இருந்தபடியே டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டுகிற படத்தைத் திறந்தேன். பெயரில்லாத இரண்டு துண்டுகள் கிடந்தன. அவைதான் லினக்ஸ். ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து 'அழி' என்றேன். 'உறுதியா?' என்று கேட்டது.

கவனித்திருக்கிறீர்களா? கொம்பியூட்டர் ஒருபோதும் 'உனக்கு விளங்குதா' என்று கேட்பதில்லை. 'உறுதியா' என்றுதான் கேட்கிறது. உறுதி என்னிடம் எப்போதும் உண்டு.

அணைத்துத் திரும்பப் போட்டேன். கறுப்பு. எரர். இருபத்திரண்டு.

இன்னொரு முறை போட்டேன். இருபத்திரண்டு. வயரைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். இருபத்திரண்டு. லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை.

நவாஸுக்குக் கோல் எடுத்தேன். ஓட்டமாவடியில் ஒரு கலியாண வீட்டில் நின்றான். பின்னால் சனத்தின் இரைச்சல். நடந்ததைச் சொல்லி முடிக்க, மறுமுனையில் இருமல் சத்தம் கேட்டது. அவன் சிரிப்பை அடக்குகிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"மச்சான், நீ ரெண்டையும் போடக்குள்ள லினக்ஸ் வாசல்ல ஒரு காவலாளியை விட்டது. எது வேணும் எண்டு கேக்கிறது அவன்தான். அவன்ட அறை கிடந்தது லினக்ஸ்ட பக்கம். நீ அந்தப் பக்கத்தையே இடிச்சுப் போட்டாய். இப்ப அவன் வாசல்ல நிண்டு எங்க போறதெண்டு தெரியாம முழிக்கிறான். விண்டோஸ் உள்ள சுகமாத்தான் இருக்கும். கதவுதான் திறக்கேலாது."

"அவனை வெளிய அனுப்பேலாதா?"

"விண்டோஸ் சீடி இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. இருக்கா?"

ஏலத்தில் வாங்கிய கொம்பியூட்டருக்கு ஏது சீடி?

"சரி, நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடியக் கையோட வாறன். நீ அதில இனி ஒண்டிலயும் கை வைக்காத. என்ட தலையில ஆணை."

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு. ரஜனிக்கு மண்டூரில் கிளினிக், லீவு எடுக்க ஒண்ணாது. நாலு மணிப் பாதையில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மல்லிகா அவளுக்கென்று ஒரு மாம்பழ நிறச் சேலையை அயன் பண்ணிக் கட்டிலில் விரித்து வைத்தாள்.

மூன்று மணிக்குப் புவனா அக்கா வந்து இறங்கினார். கையில் ஒரு முட்டி எருமைத் தயிர், சேலைத் தலைப்பால் மூடியபடி. வெயிலில் கறுத்த, வாய் நிறையக் கதைக்கிற மனிதர். நடந்ததை மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், அவர் முகம் சட்டென்று மலர்ந்தது.

"அதுக்கென்ன தம்பி. மிசின் எண்டா பழுதாகும்தானே. இண்டைக்கு இல்லாட்டி இன்னொரு நாள். அவசரமில்ல. ஆறுதலாச் செய்யுங்க."

என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். கிரான் மனிதர்களைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றரைக்கு நவாஸ் வந்தான். வெள்ளை ஜிப்பா, தொப்பி, பையில் இரண்டு சீடி. ஒரு சீடியைப் போட்டான். சீடி டிரைவ் அதைச் சுற்றியது, முக்கியது, வெளியே தள்ளியது. மற்றதையும் தள்ளியது. வியாழக்கிழமை லினக்ஸை அவ்வளவு அழகாக வாசித்த டிரைவ், வெள்ளிக்கிழமை எதையும் வாசிக்க மாட்டேன் என்றது.

"கடற்காத்து. லென்சில உப்புப் படிஞ்சிருக்கு," என்று நவாஸ் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான்.

"தம்பி, ஏலாட்டி விடுங்க. பாவம், தொழுதிட்டுச் சாப்பிட்டீங்களோ தெரியா," என்றார் புவனா அக்கா.

"இல்லக்கா, வந்த வேலையை முடிக்காம நான் போகமாட்டன்."

புவனா அக்கா பெருமூச்சு விட்டார்.

நாலே முக்காலுக்கு ரஜனியின் ஸ்கூட்டி வந்து நின்றது. வெள்ளை யூனிபோம், முழங்கால் வரை வாவித் தண்ணீர் தெறித்திருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. நம்பரைப் பார்த்தாள். நீளமான நம்பர். வெளிநாடு.

உள்ளே எட்டிப் பார்த்தாள். திறந்து கிடக்கிற கொம்பியூட்டர், நவாஸ், நான். போனைக் காதில் வைத்தாள்.

"ஓம், ரஜனிதான். இல்ல, கமெரா வராது. அத்தான் கொம்பியூட்டரை உடைச்சுப் போட்டார்."

கலியாணம் பேசுகிற ஒரு பெண் மாப்பிள்ளையிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். மறுமுனையில் அவர் என்ன சொன்னாரோ, இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனாள்.

நாங்கள் உள்ளே. அவள் வெளியே. யன்னலால் அவள் மட்டும் தெரிந்தாள், பேச்சுக் கேட்கவில்லை. முதலில் நின்றாள். பிறகு நடந்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"லென்சைத் துடைக்கப் பஞ்சும் ஸ்பிரிட்டும் இருந்தா நல்லம்," என்றான் நவாஸ்.

மல்லிகா முற்றத்துக்குப் போய் ரஜனியின் வேலைப் பையைக் காட்டிக் கைச்சாடை செய்தாள். ரஜனி கதையை நிறுத்தாமலே பையைத் திறந்து, குழந்தைக்கு ஊசி போடும்போது துடைக்கிற பஞ்சையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்து நீட்டினாள்.

அவர்கள் என்ன கதைத்தார்கள் என்பது மல்லிகாவுக்கு ரஜனி சொல்லி, மல்லிகா எனக்குச் சொன்னது. ஆகவே பாதிதான் இருக்கும்.

ரஜனிதான் முதலில் கொட்டியிருக்கிறாள். வீடு இல்லை, இருப்பது சுனாமி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை. வேலையை விடமாட்டேன், அக்கரைச் சனத்துக்கு வேறு ஆள் இல்லை. முன்னொரு கலியாணம் நின்று போனது. எல்லாம் சொல்லி முடித்திருக்கிறாள். பிறகு அவர், தான் கட்டாருக்குப் போன காரணத்தைச் சொன்னாராம். தம்பி ஒருவன் இருந்தான். ஒரு நாள் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மிஞ்சியிருக்கிற மகனாவது எங்கேயாவது கண்காணாத இடத்தில் உயிரோடு இருக்கட்டும் என்று தாய்தான் அனுப்பி வைத்தாராம். தாயின் செத்த வீட்டுக்கும் அவர் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் வரப் பெட்டி கட்டுவார், புவனா அக்கா 'இப்ப வராத' என்பார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னாராம்:

"நான் இன்னொண்டும் சொல்லணும். உங்களுக்குத் தந்த படம் இப்ப எடுத்ததில்ல. நான் இஞ்ச வரக்குள்ள பாஸ்போட்டுக்கு எடுத்தது."

"அதுக்கென்ன?"

"அந்தத் தலைமுடி இப்ப இல்ல."

"எவ்வளவு இல்ல?"

"ஒண்டுமே இல்ல. காலையில இருந்து இந்தக் கமெராவுக்கு முன்னால தொப்பியைப் போடுறதும் கழட்டுறதுமாத்தான் இருக்கன். உங்கட கொம்பியூட்டர் உடைஞ்சிட்டு எண்டு சொன்னதும் எனக்கு உயிர் வந்தது."

இந்த இடத்தில்தான் நாங்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டோம். முருங்கையடியில் இருந்து முன்னறைக்குக் கேட்டது. நவாஸ் நிமிர்ந்து பார்த்தான். மல்லிகா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவள் இப்படிச் சிரிச்சு எவ்வளவு காலம்," என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் சீடி டிரைவ் முக்கவில்லை. அமைதியாகச் சுற்றியது. நவாஸ் ஒரு சொல்லைத் தட்டி, 'ஓம்' என்பதற்கு ஒரு ஆங்கில எழுத்தைத் தட்டி, திரும்பப் போட்டான். வாசலில் முழித்துக்கொண்டு நின்ற காவலாளி போய்விட்டான். விண்டோஸ், ஒன்றுமே நடக்காத மாதிரி, வழக்கமான சத்தத்தோடு வந்தது.

"வந்திட்டு," என்றேன் நான்.

"வந்திட்டா?" என்றார் புவனா அக்கா. அது மகிழ்ச்சியில் கேட்ட குரல் அல்ல.

ரஜனி உள்ளே வந்தாள். கட்டிலில் இருந்த மாம்பழ நிறச் சேலையை மல்லிகா தூக்கிக் காட்டினாள். ரஜனி தலையை ஆட்டினாள். "வேணாக்கா. அந்தாள் தொப்பியைக் கழட்டுதாம். நான் என்னத்துக்குச் சேலை மாத்துற?" என்று ஹெல்மெட்டில் நசுங்கிய முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு கதிரையில் இருந்தாள். பிறகு புவனா அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் படத்தைத் தெரிஞ்செடுத்துக் குடுத்தது நீங்களாம்."

புவனா அக்கா கையைப் பிசைந்தார். இதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது — மூன்று மணியில் இருந்து அவர் காட்டிய பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்று.

"ஓம் புள்ள. அவன் ஒண்டும் சொல்லேல்ல, நான்தான். இப்பத்தப் படத்தைக் குடுத்தா ஆரு பாக்கப்போறாங்க எண்டு பயந்திட்டன். அவனுக்கு முடியிருந்த காலத்தில வீட்ட இருக்க விட்டதா இந்த நாடு?"

நவாஸ் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

ரஜனி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். "அதுக்கு ஏனக்கா பயப்பிடுறீங்க. எனக்கு முப்பத்திரண்டு எண்டு என்ட அக்கா உங்களுக்குச் சொன்னவ. முப்பத்திநாலு. சாதகம் கடலோட போனது அவவுக்கு வசதியாப் போச்சு."

இந்த முறை நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் சேலையை மடிக்கத் தொடங்கினாள், மிகவும் கவனமாக, மூலைக்கு மூலை பிடித்து.

பிறகு திரையில் கட்டார் வந்தது. அடுக்குக் கட்டில் போட்ட ஒரு அறை. மேல் கட்டிலில் இருந்து யாருடையதோ இரண்டு கால் தொங்கியது. நடுவில் நீலச் சேர்ட்டோடு ஒரு மனிதர். தலை பளபளவென்று, எங்கள் வீட்டு மின்குமிழ் அங்கே எரிகிற மாதிரி. படத்தில் இருந்தவரில் எஞ்சியிருந்தது கண்கள் மட்டும்தான். அவை அதே கண்கள்.

நாற்பது நிமிடம் விடாமல் கதைத்தவர்களுக்கு முகத்தைக் கண்டதும் கதை வரவில்லை. அவர் கையைத் தூக்கித் தலையைத் தடவினார்.

"படத்தை விட இது நல்லாக் கிடக்கு," என்றாள் ரஜனி.

மேலே தொங்கிய கால்கள் குலுங்கின. யாரோ சிரிக்கிறார்கள். புவனா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இஞ்ச ஆரும் கோப்பை தாங்ககா, தயிர் புளிச்சுப் போகப்போகுது," என்று எழும்பினார். நவாஸ் உள்ளிட்ட எல்லோருக்கும் சீனி போட்டுத் தந்தார். கெட்டித் தயிர். கரண்டி நின்றது.

யோசித்துப் பார்க்கிறேன். அந்தக் கமெரா ஐந்து மணிக்குச் சரியாக வேலை செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் தொப்பியோடு இருந்திருப்பார். இவள் மாம்பழ நிறச் சேலையோடு இருந்திருப்பாள். பின்னால் நான், மல்லிகா, புவனா அக்கா மூவரும் கலியாணப் படத்துக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றிருப்போம். 'அங்க வெயில் எப்படி' என்று இவள் கேட்க, 'பரவாயில்ல' என்று அவர் சொல்லியிருப்பார். பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். முகம் பார்த்தால்தான் ஆளைத் தெரியும் என்று ரஜனி சொன்னாள். முகம் தெரியாத அந்த நாற்பது நிமிடத்தில்தான் ஆள் தெரிந்திருக்கிறது. சிலருக்கு, பார்க்கிற கண்கள் இல்லாவிட்டால்தான் வாய் திறக்கும்போல.

இதையே மல்லிகாவிடம் சொல்லி, ஆகவே நான் செய்ததும் ஒரு விதத்தில் நன்மைக்குத்தான் என்று நிறுவப் பார்த்தேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "நீங்க லினக்ஸ் போட்டதால கலியாணம் சரிவரேல்ல. நவாஸ் அண்ணன் வந்ததால சரிவந்தது," என்றாள். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதை உங்களிடமே விடுகிறேன். எனக்கு எழுத வேண்டாம்.

தவராசாவுக்கு மாசியில் லீவு. பங்குனியில் கலியாணம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து மணிக்கு முன்னறை ரஜனிக்கு. நாங்கள் பின் விறாந்தைக்குப் போய்விடுவோம்.

இந்த வாரப் பத்தியை நான் கையால் எழுதித்தான் ஆசிரியருக்கு அனுப்புகிறேன். எங்கள் கொம்பியூட்டருக்கு இப்போது ஒரு பாஸ்வேர்ட் இருக்கிறது. வீட்டில் அது இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் பெண்கள்.